மேல்மாடிச் சலவை அறை வழக்கு

எங்கள் தொடர்மாடியில் முறை வைத்து உடுப்புத் தோய்க்கிற ஒரே ஆம்பிளை நான்தான். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்லுகிறேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில் எங்கள் கட்டிடம். பத்து மாடி, மாடிக்கு ஆறு வீடு. டொக்டர் இருக்கிறார், எஞ்சினியர் இருக்கிறார், நகைக்கடை முதலாளி இருக்கிறார். வெள்ளைச் சட்டையின் கொலரில் இறங்கிப்போன வியர்வைக் கறையை எப்படி எடுப்பது என்று இவர்களில் ஒருவரையாவது கேட்டுப் பாருங்கள். முழிப்பார்கள். நான் முழிக்க மாட்டேன்.

வீட்டுக்குள் மெஷின் பூட்டினால் கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் இறங்குகிறது என்று கமிட்டி முதலே தடை போட்டுவிட்டது. பல்கனியில் உடுப்புக் காயப்போட்டால் கட்டிடத்தின் அழகு கெட்டுப்போகுமாம், அதற்கும் தடை. ஆகவே எல்லாருக்கும் மேல்மாடிதான் கதி. லிப்டில் ஏறிக் கடைசிப் பொத்தானை அமத்தினால் சலவை அறை. மேலே மூடி திறக்கிற மெஷின் மூன்று, ஒரு குழாய், ஒரு சீமெந்துத் தொட்டி. கதவுக்கு வெளியே மொட்டைமாடி. அங்கே கொடிகள் கட்டியிருக்கும். சுவரில் ஒட்டிய அட்டவணைப்படி வீட்டுக்கு வாரத்தில் இரண்டு முறை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். எங்களுக்குச் செவ்வாயும் சனியும் காலை பத்து மணி, மூன்றாம் மெஷின்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். துறைமுகத்தில் கப்பலில் இருந்து இறங்குகிற பெட்டிகளைச் சரிபார்க்கிற கிளார்க் வேலை, முப்பது வருடத்துக்கு மேல். அந்த வேலை எனக்கு இரண்டு சாமான் தந்தது. ஒன்று, எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கிற பழக்கம். மற்றது, வாய். துறைமுகத்தில் மெதுவாகக் கதைக்கிறவனை ஒருவரும் கணக்கெடுக்க மாட்டார்கள்.

என் மனைவி அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி. நான் ஓய்வு பெற்றபோது அவவுக்கு இன்னும் நாலு வருட சேவை இருந்தது. ஓய்வு பெற்ற முதல் மாதம் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், பேப்பர் வாசித்தேன், பிளேன்டீ குடித்தேன், கடற்கரையில் நடந்தேன். அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை காலை அவ இரவு டியூட்டி முடிந்து வந்து, உடுப்புக் கூடையோடு மேலே போனவ, முறை முடிகிற நேரமாகியும் இறங்கி வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். மெஷின் அதிர்ந்துகொண்டு நிற்கிறது. இவ பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்தபடி, அந்த மெஷினிலேயே கன்னத்தைச் சாய்த்து நித்திரை. கன்னம் மெஷினோடு சேர்ந்து ஆடுகிறது, கண் திறக்கவில்லை.

எனக்கு என்மேல்தான் கோபம் வந்தது. விசரா, நீ வீட்டில் காலுக்கு மேல் கால் போட்டுப் பேப்பர் வாசிக்கிறாய், இவ இங்கே இப்படி! எழுப்பாமல் பக்கத்தில் நின்றேன். மெஷின் நின்றதும் உடுப்பை எடுத்து நானே கொடியில் போட்டேன். அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனி இந்த அறைக்கு நீ வரக்கூடாது, இது என் இலாகா என்று.

சும்மா சொல்லக்கூடாது, தொடக்கத்தில் நான் செய்ததெல்லாம் கூத்துத்தான். இரண்டாம் கிழமை இடுப்பில் கட்டுகிற என் புது நீலச் சாரத்தையும் அவவின் வெள்ளைச் சீருடையையும் ஒன்றாகப் போட்டு, சீருடையை வானத்து நிறத்தில் எடுத்தேன். அவ அதைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. "இஞ்சருங்கோ, கொஞ்சம் நீலம் போடச் சொன்னனான். கடல் மாதிரி ஆக்கச் சொல்லேல்லை" என்றா. அவ்வளவுதான், வேறு ஒரு சொல் இல்லை. பேசியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். பேசாமல் விட்டதால் எனக்கு ரோசம் வந்துவிட்டது.

அதன் பிறகு பழகினேன். வெள்ளை தனி, நிறம் தனி. கொலருக்குச் சவர்க்காரம் தேய்த்து இருபது நிமிடம் விடவேண்டும். நீலம் நேரே போடக்கூடாது, வாளியில் கரைத்துத் துணியால் வடித்துத்தான் விடவேண்டும். கஞ்சி தண்ணியாக இருக்கவேண்டும், தடித்தால் கழுத்தை அறுக்கும். அயன் பண்ணும்போது கை முதலில், முதுகு பிறகு, முன்பக்கம் கடைசி. மூன்று மாதத்தில் என் மனைவியின் சீருடை ஆஸ்பத்திரி வாட்டில் பேச்சாகிவிட்டது. "மிஸ், யாரிட்டக் குடுக்கிறீங்க?" என்று சின்னத் தாதிமார் கேட்பார்களாம். இவ "எங்கட வீட்டில ஒருத்தர் இருக்கிறார்" என்பாவாம். அதை வந்து எனக்குச் சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காக நான் அறுபது வீட்டு உடுப்பையும் தோய்ப்பேன்.

மேலே பெண்கள் முதலில் என்னைப் பகிடி பண்ணினார்கள். நாலாம் மாடியில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிற ஒரு இளம் பெண்பிள்ளை, வாய்க்காரி. "என்ன அண்ணை, அக்கா உங்களுக்கு வேலை போட்டுத் தந்திட்டாவோ?" என்று கேட்டா. "ஓம் பிள்ளை. உன்ர மனுசனுக்கும் இஞ்ச ஒரு இடம் காலியா இருக்கு, அனுப்பிவிடன்" என்றேன். ஒரு வருடம் போக, அதே பிள்ளை மகனின் ஸ்கூல் சேட்டோடு வந்து நிற்கிறா, "அண்ணை, இந்த மைக் கறைக்கு என்ன செய்யலாம்?" என்று. தலைகீழாக நடக்காத குறை, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் முறை முடிய, அதே மெஷின் பதினொன்றரைக்கு ஏழாம் மாடி ரீச்சருக்கு. ஓய்வு பெற்ற கணக்கு ரீச்சர். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளிக்கிழமை விரதம், கமிட்டியின் செயலாளரும் அவதான். அவவின் கணவருக்கு இருதய ஒப்பரேஷன் செய்து, ஆள் வெளியே வருவது குறைவு. ரீச்சரும் நானும் நல்ல மாதிரித்தான் இருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை நான் சீருடையை மெஷினில் இருந்து எடுக்கும்போது அவ சற்று முந்தி வந்துவிட்டா.

"இது ஆசுப்பத்திரி உடுப்போ?"

"ஓம் ரீச்சர், மனுசியின்ர."

"இவ்வளவு நாளும் இதுக்குள்ளதான் போட்டனீங்களோ?"

"வேற எதுக்குள்ள போடுறது? கடலுக்கையோ?"

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டுவது என்பது இதைத்தான். அவவுக்கு முகம் சிவந்துவிட்டது. "துடக்கெல்லோ!" என்றா. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்கிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. பிறப்பு, இறப்பு, இரத்தம் எல்லாம் துடக்கு, அதாவது தீட்டு. எனக்கு அது தெரியாததல்ல. என் தாயும் அப்படித்தான். ஆனால் துடக்கு என்ற சொல் என் மனைவியின் சீருடையை நோக்கி வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. சரி, ரீச்சர் விளங்கிக்கொண்டா என்று நானும் நினைத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை பகல் பன்னிரண்டரை இருக்கும், வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் கமிட்டித் தலைவர். நல்ல மனுசன், ஆனால் சண்டைக்குப் பயந்தவர். பின்னால் ரீச்சர். ரீச்சரின் ஒரு கை மணிக்கட்டில் துணிக் கட்டு, மற்றக் கையில் ஈரம் சொட்டுகிற ஒரு பொலித்தீன் பை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அண்ணை, ஒரு பிரச்சினை. ரீச்சருக்குக் கை சுளுக்கினபடியா இண்டைக்கு ஐயாவின்ர வேட்டியை மெசின்ல போட்டவ. அரைவாசியில மூடியைத் திறந்து பாத்தா..."

ரீச்சர் பையைத் திறந்து காட்டினா. சவர்க்கார நுரையோடு ஒரு வெள்ளை வேட்டி. அதில் அங்கங்கே செம்பழுப்பு நிறத்தில் கறை. சில இடத்தில் திட்டுத் திட்டாக, சில இடத்தில் வழிந்த மாதிரி.

"இரத்தம்" என்றா ரீச்சர். "எனக்கு முதல் அந்த மெசினில தோய்ச்சது நீங்கள்தான். வருத்தக்காற மனுசன் உடுக்கிற வேட்டி இது. ஆற்ற இரத்தம், என்ன வருத்தக்காறற்ற இரத்தம் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"ரீச்சர், கதையை அளந்து கதையுங்கோ" என்று நான் தொடங்கிவிட்டேன். தொடங்கினால் என்னை நிற்பாட்டுவது கஷ்டம். எங்கள் ஐந்தாம் மாடி முழுக்கக் கதவு திறந்தது. தலைவர் இரண்டு கையையும் தூக்கி, திங்கட்கிழமை பின்னேரம் கீழே மண்டபத்தில் கூட்டம், அதில் பேசி முடிவெடுப்போம் என்றார். என்ன முடிவு என்பதையும் அவரே சொன்னார். ஆஸ்பத்திரி உடுப்பைச் சலவை அறைக்குள் கொண்டுவரக்கூடாது என்று ரீச்சர் எழுத்தில் கொடுத்திருக்கிறா. கூட்டம் ஓம் என்றால், அந்தச் சட்டம் அட்டவணைக்கு மேலே ஒட்டப்படும்.

என் மனைவி அன்றைக்குப் பகல் டியூட்டி. பின்னேரம் வந்ததும் சொன்னேன். இரண்டு மடங்கு சத்தத்தில் சொன்னேன். அவ கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தா. எல்லாம் முடிய ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"நான் ஊறப்போடாமல் தந்திட்டனோ?"

அந்தக் கேள்விதான் என்னைக் கொன்றது. இவவைப்போல ஒரு கவனக்காரியை நான் கண்டதில்லை. டியூட்டி முடிந்தால் சீருடையை ஆஸ்பத்திரியிலேயே மாற்றி, தனிப் பையில் கட்டித்தான் கொண்டு வருவா. வந்ததும் கொதிதண்ணீரில் மருந்து விட்டு ஊறப்போடுவா. கறை ஏதும் பட்டால் அங்கேயே கழுவாமல் வாசலைத் தாண்ட மாட்டா. முப்பத்திரண்டு வருடம் இப்படித்தான். அப்படிப்பட்டவ, எவரோ ஒருவர் வேட்டியைத் தூக்கிக் காட்டியதும், தன்னிலேயே சந்தேகப்படுகிறா. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே ஆளின் தலையில்.

"விடுங்கோ" என்றா பிறகு. "நான் பாத்ரூமில கையால தோய்ச்சுப்போட்டுப் போறன். இன்னும் ஒரு வருசம்தானே."

"கையால தோய்க்கிறதோ? நான் செத்தாப் பிறகு தோய்" என்றேன்.

அடுத்த நாள் ஞாயிறு. காலையில் மேலே போனேன். மூன்றாம் மெஷினில் ஒருவரும் இல்லை. மூடியைத் திறந்து, துறைமுகத்தில் பெட்டி பார்த்த கண்ணால் பார்த்தேன். இரத்தம் என்றால் காய்ந்து கறுத்திருக்கவேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே, தகரத் தொட்டியின் மேல் விளிம்புக்குக் கீழே விரலை விட்டுத் தடவினால், ஏதோ மாவு மாதிரிப் படிந்திருக்கிறது. நகத்தால் சுரண்டி வெளியே எடுத்தேன். மஞ்சள். மணந்து பார்த்தேன். சமையலறை மணம்! சந்தேகமே இல்லை, அரைத்த மஞ்சள். சலவை அறைக்குள் மஞ்சளுக்கு என்ன வேலை?

சவர்க்காரத்தை ஈரப்படுத்தி நகத்தில் தேய்த்தேன். நகம் சிவந்தது. என் கண்ணுக்கு முன்னால், அந்தச் செம்பழுப்பு.

அட கடவுளே என்று வாய்விட்டே சொன்னேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பொம்பிளைக்கு ஆலாத்தி எடுக்கத் தட்டில் சிவப்புத் தண்ணீர் எப்படி வருகிறது? மஞ்சளில் சுண்ணாம்பைக் கரைத்துத்தான். மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும். சுண்ணாம்பு என்றாலும் சரி, சவர்க்காரத் தூள் என்றாலும் சரி. தமிழ் வீட்டில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் மெஷினுக்குள் அதைக் கண்டால் ஒருவருக்கும் ஞாபகம் வராது.

மொட்டைமாடியைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா, எங்கள் கட்டிடத்தைத் துப்புரவு செய்கிற சிங்கள மனுசி, நான் தனியாக நின்று சத்தம் போடுவதைக் கேட்டு எட்டிப் பார்த்தா. மஞ்சள் படிந்த விரலைக் காட்டி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டேன். "ஆ, கஹ வத்துர" என்றா, அதாவது மஞ்சள் தண்ணீர். பிறகு விபரமும் சொன்னா. இரண்டு மாதமாகச் செவ்வாயும் சனியும், நான் கீழே போனதும், ரீச்சர் நோனா ஒரு செம்போடு வருவாவாம். ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மெஷினுக்குள் ஊற்றுவாவாம். பிறகுதான் தன் உடுப்பைப் போடுவாவாம்.

இப்போது எல்லாம் விளங்கியது. துடக்குக் கழிக்க வீட்டில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். ரீச்சர் மெஷினுக்கும் துடக்குக் கழித்திருக்கிறா! இவ்வளவு நாளும் அவவின் நிறச் சேலைகளில் அது தெரியவில்லை. வெள்ளை எல்லாம் கையால் தோய்த்துக்கொண்டிருந்தவ. கை சுளுக்கி, முதன்முதலாக வெள்ளை வேட்டியைப் போட்டதும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. இந்த வேலையை உலகத்தில் வேறு எந்தச் சாதி சனம் செய்யும் சொல்லுங்கள்? மெஷினின் முன்னால் நின்று வயிறு நோகச் சிரித்தேன். பிறகு சனிக்கிழமை பின்னேரம் கதிரையில் இருந்து என் மனைவி கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அவவுக்குச் சொன்னேன். "அப்பாடா" என்று ஒரு மூச்சு விட்டா. பிறகு, "ரீச்சரிட்டத் தனியாப் போய்ச் சொல்லுங்கோ, சபையில வேண்டாம்" என்றா. நான் கேட்கவில்லை. பொய் சொல்லக்கூடாது, எனக்குச் சபைதான் வேண்டும் என்றிருந்தது. ஐந்தாம் மாடி முழுக்கக் கேட்க இரத்தம் என்று சொன்னது அவ. மஞ்சள் என்பதையும் எல்லாரும் கேட்கட்டும்.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி வெடித்தபோதுகூட இவ்வளவு பேர் வரவில்லை. என் மனைவி டியூட்டியில் இருந்து நேரே வந்து கடைசி வரிசையில் இருந்தா. ரீச்சர் எழும்பி, எழுதியதை வாசித்தா. பொலித்தீன் பையைத் தூக்கிக் காட்டினா. "சீ" என்று இரண்டு மூன்று பேர் சொன்னது என் காதில் விழுந்தது.

என் முறை வந்தது. ஒரு பெரிய பேச்சு ஆயத்தம் பண்ணிக்கொண்டுதான் போயிருந்தேன். பேசவில்லை. ஒரு சில்வர் கிண்ணத்தை மேசையில் வைத்தேன். தண்ணீர் விட்டேன், ஒரு கரண்டி மஞ்சள் போட்டேன். எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். பிறகு சலவைத் தூளைப் போட்டுக் கலக்கினேன். மஞ்சள் அப்படியே செம்பழுப்பாக மாறியது. கிண்ணத்தை ரீச்சர் கொண்டுவந்த வேட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே நிறம்.

நாலாம் மாடிப் பிள்ளைதான் முதலில் கத்தினா. "ஐயோ, இது ஆலாத்தித் தண்ணியெல்லோ!" மண்டபம் முழுக்கச் சிரிப்பு. நகைக்கடை முதலாளி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"மெசினுக்குள்ள மஞ்சள் ஆர் ஊத்தினது எண்டு நான் சொல்லேல்லை" என்றேன். அப்படிச் சொன்னாலே சொன்ன மாதிரித்தானே. எனக்கு அது தெரிந்துதான் சொன்னேன்.

ரீச்சர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. சிரிப்பு ஓயும்வரை நின்றா. பிறகு, "நான்தான்" என்றா. "துடக்குக் கழிக்க ஊத்தினனான். இரத்தம் எண்டு சொன்னது பிழை." சபையில் பிழை என்று சொல்ல எல்லாருக்கும் முதுகெலும்பு வராது. அந்த இடத்தில் அவவை நான் மதித்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெற்றி என்று நினைத்து நான் இருக்கப்போனேன். தலைவர் மறுபடியும் தொண்டையைச் செருமினார். "சரி, இரத்தம் இல்லை. நல்லது. ஆனாலும் அண்ணை, ஆசுப்பத்திரி உடுப்பு ஆசுப்பத்திரி உடுப்புத்தானே. சனத்துக்கு மனசுக்குள்ள ஒரு இது இருக்கும். பேசாம அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தா எல்லாருக்கும் நிம்மதி." சிரித்த அதே ஆட்களில் பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். நகைக்கடை முதலாளியும் ஆட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழும்பிக் கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

"நீங்கள் இருங்கோ" என்று பின்னால் ஒரு குரல். என் மனைவி எழும்பி நின்றா. முப்பது வருடக் குடித்தனத்தில் அவ சபையில் பேசி நான் கேட்டதில்லை. சத்தமாகவும் பேசவில்லை. வாட்டில் பேசுகிற குரல், மெதுவாக, ஆனால் கடைசிக் கட்டில்வரை கேட்கும்.

"ரீச்சர், நீங்கள் மஞ்சள் ஊத்தினதுக்கு எனக்குக் கோவம் இல்லை. வீட்டில வருத்தக்காற மனுசன், பயம் வரும்தான். நானும் வாட்டில மருந்து ஊத்தித் துடைக்கிறனான்தான். ரத்தம் பட்ட உடுப்பு ஒருநாளும் மேல வந்ததில்லை, அதுக்கு நான் பொறுப்பு. ஆனா என்ர யூனிபோர்மில ரத்தம் பட்டதே இல்லை எண்டு சொல்ல மாட்டன். பிள்ளைப்பேறு வாட்டில பட்டிருக்கு. அக்சிடென்ட் பட்டு வந்த பொடியளைத் தூக்கேக்கை பட்டிருக்கு. அது எல்லாம் ஆற்றையோ வீட்டு ஆக்களின்ர ரத்தம். அதை நான் கழுவினனான், ஆனா ஊத்தை எண்டு நினைச்சதில்லை."

வரிசை வரிசையாக எல்லாரையும் ஒருமுறை பார்த்தா.

"உங்களுக்கு அது ஊத்தை எண்டு பட்டா, நாளையில இருந்து நானே கையால தோய்க்கிறன். சட்டம் வேண்டாம். கை உயர்த்தவும் வேண்டாம். ஊத்தை எண்டு நினைக்கிற ஆக்கள் எழும்பி, என்ர முகத்தைப் பாத்து ஒருக்காச் சொல்லுங்கோ."

நின்றபடியே காத்திருந்தா. தலைவர் மேசையில் இருந்த தாளைப் பார்த்தார். நகைக்கடை முதலாளி போனைப் பார்த்தார். ஒருவர் எழும்பவேண்டுமே! ஒருவரும் எழும்பவில்லை. ரீச்சர் தான் எழுதிக் கொடுத்த தாளைத் தலைவரின் மேசையில் இருந்து எடுத்து, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தா. "அடுத்த விசயத்துக்கு வருவம்" என்றா. அடுத்த விஷயம் லிப்ட் பழுது பார்ப்பது. அதோடு வழக்கு முடிந்தது.

என் கிண்ணமும் என் மஞ்சளும் என்ன பெரிய கெட்டித்தனம்? அதால் ஒரு பொய்யைத்தான் உடைக்க முடிந்தது. அந்த மண்டபத்தில் எல்லார் மனசிலும் இருந்த மற்றச் சாமானை உடைத்தது அவ. எனக்கு நெஞ்சு விம்மிப்போயிருந்தது. லிப்டுக்குள் ஏறியதும் ஏதோ சொல்லவேண்டும் என்று பார்த்து, ஐந்தாம் பொத்தானை இரண்டுதரம் அமத்தினேன். இவவைக் கட்டியதைத் தவிர என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் வேறு ஒன்றும் இல்லை என்று பட்டது. இதை அவவுக்குச் சொன்னால் "விசர்க்கதை" என்பா. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போலக் கூடையோடு போனேன். ரீச்சர் பதினொன்றரைக்கு வந்தா. கையில் செம்பு இல்லை. இருவரும் முகம் பார்க்கவில்லை. அந்தக் கறை வேட்டியை நான் கேட்டு வாங்கி, நன்றாக அலசி, தேசிக்காய் பிழிந்து, இரண்டு நாள் உச்சி வெயிலில் போட்டு எடுத்துக் கொடுத்தேன். மஞ்சள் கறைக்கு வெயில்தான் வைத்தியர். சின்ன அடையாளம்கூட இருக்கவில்லை. "தோய்க்கிற கை நல்ல கை" என்றா ரீச்சர். அவ்வளவுதான் பேச்சு.

சனிக்கிழமை உடுப்பைக் கொடியில் போட்டுவிட்டு மீன் வாங்க வெள்ளவத்தைச் சந்தைக்குப் போனேன். மறுநாள் விடிய என் மனைவிக்கு டியூட்டி. ஒரு சீருடை வீட்டில் பொத்தான் அறுந்து கிடந்தது, மற்ற இரண்டும் கொடியில். பாரை மீனுக்கு விலை பேசிக்கொண்டு நிற்கும்போது கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, ஊற்றத் தொடங்கியது. மீனையும் விட்டேன், குடையும் இல்லை, ஓடினேன். அன்றைக்கென்று கரண்ட் போய் லிப்ட் ஓடவில்லை. பத்து மாடியும் படியால் ஏறி, மூச்சு வாங்க மொட்டைமாடிக் கதவைத் திறந்தால், கொடி வெறும் கொடி. ஒரு துணி இல்லை.

சலவை அறைக்குள் ரீச்சர் இருந்தா. தலை நனைந்து, சேலைத் தலைப்பில் தண்ணீர் சொட்டச் சொட்ட, பிளாஸ்டிக் ஸ்டூலில். மடியில் ஒரு அடுக்கு. மேலே என் மனைவியின் சீருடைகள் இரண்டும் மடித்தபடி. கீழே அவவின் கணவரின் சேட்டுகள். சுளுக்கிய கையால்தான் மடித்திருக்கிறா, கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை.

"மழை வந்திட்டுது" என்றா. "நனைஞ்சா அவ நாளைக்கு எதைப் போட்டுக்கொண்டு போறது?"

அவவின் மடியில் இருந்து நான் சீருடைகளை எடுத்தேன். காய்ந்திருந்தன. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தேன். சேலை மடிக்கிற மாதிரி நாலாக மடித்திருக்கிறா. நெஞ்சுக்குக் குறுக்காக ஒரு மடிப்பு, பளிச்சென்று. என் கையால் போன சீருடையில் அப்படி ஒரு மடிப்பை ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள். பின்னேரம் அயனைச் சூடாக்கி, மேசையில் துணி விரித்தேன். என் மனைவி குசினியில் இருந்து வந்தா. என்ன நடந்தது என்று சொன்னேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு, அந்த மடிப்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தா. சுவரில் இருந்த பிளக்கை இழுத்துவிட்டா.

"வேண்டாம்" என்றா. "நாளைக்கு இப்பிடியே போடுறன்."

விடியக் காலை, நெஞ்சுக்குக் குறுக்கே அந்த மடிப்பு தெரியத் தெரிய, என் மனைவி டியூட்டிக்குப் போனா. வாட்டில் மாற்றுகிறவ, அன்றைக்கு மட்டும் வீட்டிலேயே உடுத்திக்கொண்டு, ஏழாம் மாடி ரீச்சர் கோயிலுக்கு இறங்குகிற நேரம் பார்த்து, அதே லிப்டில் போனா.